சாஸ்கட்டூன் கல் பள்ளிக்கூடம், 1:48 மாடல்: பாயிண்டிங் படிந்துவிட்டது

நிஜ அளவில் 48-ல் ஒரு பங்காகச் செய்யும் மாடலின் நாலு சுவரிலும் பாயிண்டிங், அதாவது கல் இடுக்குகளில் சாந்து நிரப்புவது, முடிந்தது. கல்லின் நிறம் மங்கவில்லை, இடுக்கு மட்டும் வெளுப்பாகத் தனித்து நிற்கிறது. ஒழுங்கில்லாத கல் சுவரைச் சின்ன அளவில் செய்கிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். அதனால் ஃபோம் வெட்டுவது, பேஸ் (அடித்தளப் பலகை) ஒட்டுவது எல்லாம் சுருக்கிவிட்டு இதற்கே அதிக இடம் தருகிறேன்.

கட்டடம் கனடாவின் சாஸ்கட்டூன் நகரத்தின் முதல் பொதுப்பள்ளி. விக்டோரியா பள்ளி என்று பெயர், 1887-ல் பிராட்வே பகுதியில் கட்டியது, ஒரே அறை. மது விலக்குக் கொள்கைக்காரர்கள் 1883-ல் குடியேற்றம் தொடங்கிய ஊர் அது. ரயில் வந்ததே 1890-ல்தான். அதுவரை சாமான் எல்லாம் இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த மூஸ் ஜாவிலிருந்து வண்டியில் வரவேண்டும். மரம் அரிதான புல்வெளி. ஆனால் நிலத்தை உழுதால் கல் கிடைக்கும். கல்லால் கட்டியது ஏன் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்பதில்தான் பெயிண்ட் வேலையே இருக்கிறது. பனியாறுகள் வடக்கிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து போட்ட கற்கள் அவை. இளஞ்சிவப்பு கிரானைட், வரி ஓடிய சாம்பல் நைஸ் (gneiss) பாறை, கிட்டத்தட்டக் கறுப்பான ஆம்ஃபிபொலைட், பழுப்பு வெள்ளை டோலமைட் எல்லாம் கலந்து கிடக்கும். முழுச் சுவரையும் சாம்பல் அடித்து மேலே டிரை பிரஷ் (பெயிண்ட் அநேகமாகத் துடைத்த பிரஷால் மேடுகளில் மட்டும் தடவுவது) போட்டால் அது ஏதோ ஐரோப்பியக் கோட்டை மாதிரி ஆகிவிடும், புல்வெளிப் பள்ளிக்கூடம் ஆகாது. ஐந்து நிறம் கலக்கி வைத்துக்கொண்டு கல் கல்லாக அடிக்கவேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கல் ஒரே நிறமாக விழக்கூடாது.

சுவருக்கு 10 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் ஃபோம் (கெட்டியான தெர்மோகோல் மாதிரி ஷீட்); இனி மில்லி என்றால் மில்லிமீட்டர். 48 மடங்கு போட்டால் 480 மில்லி, ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூட. இந்த வகைக் கல் சுவருக்குப் பொருத்தமான கனம். மேல்தோலை 220 நம்பர் எமரி போட்டு எடுத்தால்தான் கோடு பதியும். இடுக்கு கீற 0.5 மெக்கானிக்கல் பென்சில் போதும், அது நிஜத்தில் ஒரு அங்குல இடுக்கு. 0.7 எடுத்தால் இடுக்கு கல்லை விழுங்கிவிடும். மூலையில் இரண்டு ஷீட் சேரும் ஒட்டுக்கோட்டை மறைக்க, ஒட்டிக் காய்ந்த பிறகு மூலைக்கற்களைக் கீறவேண்டும்: ஒரு வரிசையில் இந்தப் பக்கம் 9 மில்லி, அந்தப் பக்கம் 5; அடுத்த வரிசையில் மாற்றி. ஃபெவிகால் மட்டும்தான், சால்வென்ட் பசை எதுவும் ஃபோமைத் தின்றுவிடும். காற்றுப் புகாத ஃபோமுக்கு இடையில் ஃபெவிகால் காய நேரம் எடுக்கும். குண்டூசி குத்தி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

இனி சாந்து. பலர் வால் புட்டி பரிந்துரைக்கிறார்கள். வேண்டாம். புட்டியில் வெள்ளை சிமெண்ட் இருக்கிறது. கல்லின் மேல் படிந்த படலம் இறுகிவிட்டால் துடைத்தாலும் போகாது, சுரண்டினால் பெயிண்டும் சேர்ந்து வரும். மணல் கலப்பதும் தப்பு. டீ வடிகட்டியில் சலித்த மணல் அரை மில்லி என்றாலும் 1:48-ல் அது ஒரு அங்குல ஜல்லி.

சரியாக வந்தது கோலமாவு. எல்லாக் கோலமாவும் அல்ல, சுண்ணாம்புக்கல் பொடியாக இருக்கவேண்டும். ஒரு சிட்டிகையில் எலுமிச்சைச் சாறு விட்டால் உடனே நுரைக்கவேண்டும். நுரைக்காவிட்டால் அந்தப் பாக்கெட் வாசலுக்கே போகட்டும். தள்ளுவண்டியில் வருவது பெரும்பாலும் கொரகொரப்பு. நைஸ் ரகம் மளிகைக் கடையில் கேட்டால் கிடைக்கும். பழைய வேட்டித் துணியில் சலித்து, நாலு பங்கு மாவுக்கு ஒரு பங்கு ஃபெவிகால், தயிர் பதத்துக்குத் தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட், மஞ்சள் காவி போஸ்டர் கலர் கொஞ்சம். காவி சேர்க்காமல் வெறும் வெள்ளையாக விட்டால் நேற்றுப் பூசியது போல இருக்கும்.

பூசுவதற்கு முன் மேட் வார்னிஷ் ஒரு கோட் கட்டாயம், அதுவும் தண்ணீரில் கரையும் ரகம். ஸ்ப்ரே டப்பா ஃபோமை உருக்கும். வார்னிஷ் இல்லாவிட்டால் சாந்து கல்லின் நுண்துளைக்குள் இறங்கி மொத்தச் சுவரும் சாம்பல் பூத்துவிடும். ஐந்து சென்டிமீட்டர் சதுரமாக மட்டும் பூசுங்கள். நம் வெயிலில் அதற்கு மேல் எடுத்தால் துடைப்பதற்குள் பிடித்துவிடும். ரப்பர் துண்டால் அழுத்தித் தேய்த்து, ஈரப் பளபளப்பு அடங்கியதும் பிழிந்த ஸ்பாஞ்சால் துடைக்கவேண்டும். கல் வரிசைக்குக் குறுக்கே சாய்வாக இழுக்கவேண்டும். வரிசையோடு இழுத்தால் சாந்து இடுக்கிலிருந்து கிளம்பி வந்துவிடும். மிச்சப் படலத்துக்கு வினிகரில் நனைத்த காது பட்ஸ், கல்லின் நடுவில் மட்டும். இடுக்கில் பட்டால் சாந்தும் கரையும்.

படம் பார்த்துக் கீறுகிறவர்களுக்கு ஒரு விஷயம். 1911-ல் இந்தக் கட்டடத்தைக் கல் கல்லாகப் பிரித்து, அதே ஊரில் இருக்கும் சாஸ்கட்செவான் பல்கலைக்கழக வளாகத்தில் மறுபடி கட்டினார்கள். 1901 கணக்கெடுப்பில் 113 பேர் இருந்த ஊர் 1911-ல் 12,004 ஆகிவிட்டது. ஓர் அறைப் பள்ளி எந்த மூலைக்கு? ஆகவே இன்று படத்தில் தெரியும் கல் அடுக்கு 1911-க்குப் பிந்தியது. 1887 காட்சியாக பேஸ் அமைத்தால் மரமோ, வெட்டிய புல்தரையோ, சுற்றிலும் பல்கலைக்கழகக் கட்டடங்களோ வரக்கூடாது. புல் முழங்கால் உயரம் என்றால் 8 முதல் 10 மில்லி. சீவிய தேங்காய் நார் இங்கே பாக்கெட்டில் விற்கும் ஸ்டேடிக் புல்லைவிட (மாடலுக்கான செயற்கை நார்ப் புல்) நன்றாக நிற்கிறது, செலவும் கிடையாது.

கூரை இன்னும் தொடங்கவில்லை. ஷிங்கிளுக்கு (கூரையில் அடுக்கும் மரச் சில்லு) 200 ஜிஎஸ்எம் அட்டை வெட்டி வைத்தாயிற்று, கால் மில்லி கனம், நிஜத்தில் அரை அங்குலம். அதே அட்டையில் அடுத்த வேலைக்கும் சேர்த்தே வெட்டியிருக்கிறேன்: அதே ஊரில் கல்தச்சர் அலெக்சாண்டர் மார் 1884-ல் கட்டிய வீடு, 1885-ல் மேற்குக் கனடாவில் நடந்த வடமேற்குக் கலகத்தின்போது ராணுவ மருத்துவமனையாக இருந்தது. அது மரக்கட்டடம், மான்சார்ட் கூரை: மேலே சாய்வு குறைவு, கீழே கிட்டத்தட்டச் செங்குத்து. செங்குத்தாக இறங்கும் சரிவில் ஷிங்கிள் வரிசை அரை மில்லி கோணினாலும் கண்ணில் படும் என்பதால், வரிசைக்கோடு அச்சடித்த தாளை முதலில் ஒட்டி அதன் மேல்தான் அடுக்கப்போகிறேன்.