உருண்டை விளக்கு முட்டையான கதை

வீட்டு உட்புறங்களைப் படமெடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், "எவ்வளவு அகலமாகக் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது" என்றுதான் நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். அறை சின்னது, பின்னால் போக இடமில்லை, முதுகு சுவரில் முட்டுகிறது, வேறென்ன செய்ய? 16-35 மி.மீ. ஸூம் லென்ஸை 16-க்குத் திருப்பி (இந்த எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகப் பார்க்கும்), மூலையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு, மூன்று சுவரையும் ஒரே படத்தில் அடக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு.

அந்த நினைப்பு ஒரு விளக்கால் போனது. சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் கண்ணாடி விளக்கு, கச்சிதமான உருண்டை. படத்தில் அது இடது ஓரத்தில் விழுந்திருந்தது. வீட்டை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட் படத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சார், நான் உருண்டை விளக்குதான் மாட்டினேன், நீங்க முட்டையைத் தொங்கவிட்டிருக்கீங்க" என்றார்.

லென்ஸில் கோளாறு எதுவும் இல்லை. நேர்கோட்டை வளைக்காமல் காட்டும் எந்த அகலக் கோண லென்ஸும் ஓரங்களை இழுத்துத்தான் தீரும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் படம் பதியும் சென்சாரின் அகலம் 36 மி.மீ. அதில் 16 மி.மீ. லென்ஸைப் போட்டால், இடது அல்லது வலது ஓரத்தில் இருக்கும் பந்து உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமாகத் தெரியும். 24 மி.மீ. என்றால் ஒன்றேகால் மடங்கு. 35-க்கு வந்துவிட்டால் எட்டில் ஒரு பங்குதான் கூடும், கண்ணுக்கு உறுத்தாது. மென்பொருளில் 'டிஸ்டார்ஷன்' பெட்டியை டிக் செய்தாலும் இது போகாது, அது சரிசெய்வது வேறு வளைவை.

இப்போது என் கேமராவில் பெரும்பாலும் இருப்பது 24 தான். சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்றால் 24-இல் நாலரை மீட்டர் சுவர் படத்துக்குள் வரும், 16-இல் ஆறேமுக்கால் மீட்டர் வரும். அந்த இரண்டேகால் மீட்டருக்காகத்தான் எல்லோரும் அகல லென்ஸ் தேடுகிறோம். ஆனால் கதவைத் திறந்து, டிரைபாடை வெளியே வராந்தாவிலோ அடுத்த அறையிலோ வைத்துப் பாருங்கள், பாதி அறைகள் 24-க்குள்ளேயே அடங்கிவிடும். அதைவிடச் சின்ன சென்சார் உள்ள 'கிராப் சென்சார்' கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஏறக்குறைய இதே கோணம் 16 மி.மீ.யில் கிடைக்கும்.

எஃப்/2.8 லென்ஸுக்குக் கூடுதலாகச் செலவழிக்காதீர்கள் (எஃப் எண் சின்னதானால் வெளிச்சம் நுழையும் துளை பெரிது). டிரைபாடில் வைத்து எஃப்/8-இல்தான் எடுக்கப்போகிறீர்கள், எஃப்/4 தாராளம்.

காசு இருந்தால் ஷிஃப்ட் லென்ஸில் போடுங்கள். கேமராவைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தாலும் சுவரெல்லாம் உள்பக்கம் சாயும் இல்லையா, அந்தத் தலைவலிக்கு மருந்து இதுதான். கேமராவை மட்டமாக வைத்துவிட்டு, லென்ஸை மட்டும் திருகி மேலேயோ கீழேயோ நகர்த்தலாம். கேனனின் டிஎஸ்-இ 24 மி.மீ. லென்ஸின் இரண்டாம் பதிப்பு 12 மி.மீ. நகரும். கிடைமட்டமாக வைத்த சென்சாரின் உயரமே 24 மி.மீ. தான் என்பதால், முழுசாக மேலே நகர்த்தினால் கேமரா மட்டத்தில் இருக்கும் பொருள் படத்தின் அடி விளிம்புக்கே இறங்கிவிடும், மேலே முழுக்கக் கூரைதான். முதல்முறை வ்யூஃபைண்டரில் பார்த்தபோது ஏதோ கண்கட்டு வித்தை மாதிரி இருந்தது. ஆட்டோஃபோகஸ் கிடையாது, கையால்தான் திருக வேண்டும். நாற்காலி எங்கேயும் ஓடிவிடாது என்பதால் அது ஒரு குறையே இல்லை. அதே வரிசையில் 17 மி.மீ.யும் உண்டு, ஆனால் அதன் முன் கண்ணாடி குமிழ் போலத் துருத்திக்கொண்டிருக்கும், வழக்கமான ஃபில்டரைத் திருகி மாட்ட முடியாது, பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சம் பட்டால் படம் வெளுக்காமல் கைவைத்து மறைக்க வேண்டியிருக்கும்.

அவ்வளவு செலவு வேண்டாமென்றால் அகல ஸூம் மாட்டிய கேமராவைச் செங்குத்துப் படத்துக்குத் திருப்பி, மட்டம் பிசகாமல் வைத்து எடுத்துவிட்டு, வேண்டாத தரையைக் கீழே வெட்டிவிடலாம். பிக்சல் போகும், சுவர் நேராக நிற்கும். நான் ரொம்ப நாள் அப்படித்தான் ஓட்டினேன்.

இன்னொன்று, ஆர்க்கிடெக்டுகள் கடைசியில் அச்சுக்குத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் என் 35 மி.மீ. படங்களைத்தான். படிக்கட்டின் திருப்பம், ஜன்னல் திண்ணையில் விழும் வெயில், மரமும் கல்லும் சேரும் இடம். முழு அறைப் படம் 'எல்லாம் இருக்கிறதா' என்று சரிபார்க்க மட்டும்தான் போல.

16-ஐ விற்றுவிடவில்லை. குளியலறைக்கு இன்னும் அதுதான், கதவுக்கு வெளியே நின்றாலும் வாஷ்பேசினும் ஷவரும் வேறெதிலும் சேர்ந்து வராது. ஆனால் ஓரத்தில் உருண்டையாக ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். குப்பைத்தொட்டியோ பூச்சாடியோ எதுவானாலும் தூக்கி வெளியே வைத்த பிறகுதான் ஃபோகஸ்.