நாற்பது கிராம் எலுமிச்சை, நாலு கிலோ எடைக்கல்

மூன்று மாதமாக மொட்டை மாடியில் ஒரு ட்ரெபுஷே செய்துகொண்டிருக்கிறேன். 13ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கோட்டை மதில்களைப் பதம் பார்த்த கல்லெறி இயந்திரம் இது. கிணற்று ஏற்றம் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். உயரத்தில் ஓர் அச்சு, அதில் ஆடும் நீளக் கை. கையின் குட்டைப் பக்கத்தில் கனத்த பெட்டி, நீளப் பக்கத்து நுனியில் கவண். பெட்டி விழுந்தால் கை எழும், கவண் சுழன்று கல்லை விடும். இதற்கு முந்தைய வகையில் பெட்டி கிடையாது. ஆட்கள் கூட்டமாகக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள்.

பழைய வரைபடம் தேடியதில் வில்லார் த ஒன்னெகூர் என்ற பிரெஞ்சுக்காரரின் 13ஆம் நூற்றாண்டுச் சுவடி அகப்பட்டது. அடிச்சட்டத்தின் படம் மட்டும் இருக்கிறது, மேலே நிற்கும் பகுதியை வரைந்த தாள் தொலைந்துவிட்டது. அஸ்திவார பிளானை மட்டும் கையில் கொடுத்து வீடு கட்டச் சொன்ன கதைதான். ஆனால் பெட்டியின் அளவை மனிதர் எழுதி வைத்திருக்கிறார்: 12 அடி நீளம், 9 அடி அகலம், 12 அடி ஆழம், உள்ளே முழுக்க மண். ஓர் அறையையே தொங்கவிட்டிருக்கிறார்கள்! அதைப் படித்ததும், எடை கூடினால் தூரம் கூடும், அவ்வளவுதான் விஷயம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

முதல் வடிவத்துக்குக் கை 1 மீட்டர் தேக்கு ரீப்பர். அச்சிலிருந்து ஒரு பக்கம் 80 செ.மீ., மறுபக்கம் 20 செ.மீ. அச்சுக்கு 6 மி.மீ. கம்பி. பெட்டியில் இரண்டரை கிலோ மணல், அதையும் கையோடு சேர்த்து ஆணியடித்துவிட்டேன். கவணுக்குப் பழைய ஜீன்ஸ் துணி. குண்டு எலுமிச்சம்பழம், சுமார் 40 கிராம்.

முதல் பழம் பின்பக்கமாகப் பறந்து தண்ணீர்த் தொட்டியில் மோதியது. கவண் கயிறு குட்டையாக இருந்ததால் முன்னாலேயே கழன்றுவிட்டது. கயிற்றை நீட்டியதும் 7 மீட்டர் போனது. சரி, எடையை ஏற்றுவோம் என்று மணலைக் கொட்டிவிட்டு இரும்பு எடைக்கற்கள், மொத்தம் 6 கிலோ. 11 மீட்டர். நாலாவது வீச்சில் அச்சுக் கம்பி வாழைக்காய் மாதிரி வளைந்து, சட்டம் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தது.

தெரிந்த ஆசாரி ஒருவர் வந்து பார்த்தார். "தம்பி, பெட்டியை எதுக்குக் கையோட அறைஞ்சீங்க? தொங்கவிடுங்க. நுனியில இவ்வளவு மரம் எதுக்கு?" என்றார். இரண்டுமே பழைய தச்சர்கள் அறிந்தவைதான். தனிக் கீலில் தொங்கும் பெட்டி ஏறக்குறைய நேராக விழும், சட்டத்தை அவ்வளவு உலுக்காது. கை நுனி நோக்கி மெலிந்தால், விழும் எடை மரத்தைத் தூக்குவதில் வீணாகாது. இழைப்புளி வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இழைத்தேன். அச்சை 12 மி.மீ. ஆக்கி, எடையை 4 கிலோவாகக் குறைத்தேன். பழத்தைப் போல நூறு மடங்கு.

எடைக்காக அலைந்ததில் நான் மட்டும் இல்லை. 1304இல் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் கோட்டையை முற்றுகையிட்ட இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட், சுற்றுவட்டாரத் தேவாலயக் கூரைகளிலிருந்து ஈயத்தை உரித்து வரச் சொன்னார். பீடத்துக்கு மேலே இருப்பதை மட்டும் தொடக்கூடாதாம். அங்கே கட்டிய பெரிய இயந்திரத்துக்குப் போர் ஓநாய் என்று பெயர். அதை முடிக்கத் தச்சர்கள் மாதக்கணக்கில் உழைத்தார்கள். கோட்டைக்காரர்கள் சரணடைய வந்தபோது, போர் ஓநாயால் எறிந்து பார்க்காமல் சரணடைதல் கிடையாது என்று எட்வர்ட் அவர்களை உள்ளே திருப்பி அனுப்பினார். அநியாயம்தான். ஆனால் மூன்று மாதம் மரம் அறுத்தவன் என்ற முறையில் அந்த ஆசை எனக்குக் கொஞ்சம் புரிகிறது.

பெரிய மாற்றம் வந்தது கை நுனியில் இருக்கும், தலை வெட்டிய ஓர் ஆணியால். கவணின் ஒரு கயிறு கையில் கட்டியிருக்கும், மற்றது இந்த ஆணியில் வளையமாக மாட்டியிருக்கும். சுழலும்போது வளையம் வழுக்கிக் கழன்றால்தான் கல் விடுபடும். ஆணி நேராக இருந்தால் சீக்கிரம் கழன்று கல் வானத்துக்குப் போகும். முன்னோக்கி அதிகம் வளைத்தால் தாமதமாகக் கழன்று எதிரே தரையில் குத்தும். கொறடால் துளி வளைப்பது, எறிவது, மறுபடி வளைப்பது என்று ஒரு சாயங்காலம் போனது. 4 கிலோவிலேயே 23 மீட்டர்! அதாவது பக்கத்து வீட்டு மாடி. அந்த அக்கா பழத்தைத் திருப்பித் தரவில்லை, ஊறுகாய்க்கு ஆகுமாம். அப்புறம்தான் மைதானத்துக்கு மாறினேன்.

மைதானத்தில் இன்னொன்று பிடிபட்டது. பழங்கள் ஒன்று 35 கிராம், ஒன்று 48. விழும் இடம் நாலைந்து மீட்டர் முன்னே பின்னே ஆனது. களிமண்ணை உருட்டிச் சமையலறைத் தராசில் எல்லாவற்றையும் 40 கிராமாக நிறுத்துக் காயவைத்தேன். பத்தில் எட்டு உருண்டைகள் இரண்டு தப்படி இடத்துக்குள் விழுந்தன. முற்றுகைகளில் கல்தச்சர்களை உட்கார வைத்துக் குண்டுகளை ஒரே அளவாகச் செதுக்கவைத்தது இதற்குத்தான். மதில் ஒரே அடியில் விழாது. அடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும்.

செய்து பார்ப்பவர்களுக்கு ஒன்று: எடை ஏறிய கையைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். கொக்கி போட்டு, அதற்கு நீளக் கயிறு கட்டித் தள்ளி நின்று இழுங்கள். என் கட்டைவிரல் நகம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு அடிச்சட்டத்துக்குச் சக்கரம் மாட்டப்போகிறேன். பெட்டி விழும்போது சட்டமும் கூடவே உருண்டால் எடை இன்னும் நேராக விழுமாம். 30 மீட்டர் தொடுமா பார்க்கலாம்.