வெள்ளமும் வறட்சியும் ஒரே விடைத்தாளில்

மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு நடத்தத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில், நெடுவினாவுக்கான விடையை உட்தலைப்புகளோடு கரும்பலகையில் எழுதிப்போட்டு, மாணவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு நெட்டுருப் போட்டுவிட்டால் என் வேலை முடிந்தது என்றே நினைத்திருந்தேன். சிந்துவெளி நாகரிகத்தின் வீழ்ச்சிக்கான காரணங்களை ஆராய்க என்ற வினாவுக்கு வெள்ளம், வறட்சி, ஆற்றின் போக்கு மாறியமை, காடழிப்பு, வணிகச் சரிவு, ஆரியர் படையெடுப்பு என்று ஆறு உட்தலைப்புகள் கொடுத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி, முன்னும் பின்னும் முன்னுரை, முடிவுரை. விடைக்குறிப்போடு ஒப்பிட்டால் குறை சொல்ல முடியாத விடை அது.

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி அதை ஒரு வரி பிசகாமல் தேர்வில் எழுதினாள். நானும் முழு மதிப்பெண் போட்டேன். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று மாலை அவள் ஆசிரியர் அறைக்கு வந்து, "சார், வெள்ளத்தாலயும் அழிஞ்சது, வறட்சியாலயும் அழிஞ்சதுன்னு எழுதியிருக்கேன். நீங்களும் ஃபுல் மார்க் போட்டிருக்கீங்க. ரெண்டும் எப்படி சார் ஒண்ணா சேரும்?" என்று கேட்டாள். ஆய்வாளர்களுக்குள் பல கருத்துகள் உண்டம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னது பொய்யில்லை, ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. நான் கொடுத்த ஆறு உட்தலைப்புகளும் ஒன்றோடொன்று பேசாமல் தனித்தனியாக நிற்கின்றன என்பது அன்றிரவுதான் எனக்கு உறைத்தது.

அதன்பிறகு ஒவ்வொரு காரணமும் எந்தச் சான்றின்மேல் நிற்கிறது, எந்த இடத்துக்குப் பொருந்துகிறது, எந்தக் காலத்துக்குரியது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். வெள்ளம் என்ற கருத்து பெரும்பாலும் மொகஞ்சதாரோவில் கிடைத்த வண்டல் படிவுகளிலிருந்தும், அந்நகரம் திரும்பத் திரும்ப மேடுயர்த்திக் கட்டப்பட்டதிலிருந்தும் வந்தது. வறட்சி என்ற கருத்தோ சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை நலிந்ததற்கான தட்பவெப்பச் சான்றுகளிலிருந்தும், மழையை நம்பி ஓடிய கக்கர்-ஹக்ரா ஆற்றுப்படுகையில் குடியிருப்புகள் குறைந்துபோனதிலிருந்தும் வந்தது. அப்படியானால் அந்த மாணவியின் கேள்விக்கு விடை உண்டு. சிந்து ஆற்றங்கரை நகரம் ஒன்றுக்கு நேர்ந்ததும் மழை பொய்த்த வேறொரு நிலப்பகுதிக்கு நேர்ந்ததும் வெவ்வேறு நிகழ்வுகள். பரந்துகிடந்த ஒரு நாகரிகத்துக்கு ஒரே முடிவு இருந்திருக்க வேண்டும் என்று எண்ணியதால்தான் அவை முரண்பட்டவைபோல் தோன்றின. இதை எழுதியிருந்தால் அது விடை. நான் எழுதவைத்தது பட்டியல்.

ஆறாவது உட்தலைப்பைப் பற்றி இன்னும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 1940களில் தொல்லியலாளர் மார்டிமர் வீலர், மொகஞ்சதாரோவில் தெருக்களிலும் வீடுகளிலும் கிடந்த எலும்புக்கூடுகளையும் ரிக் வேதத்தில் இந்திரன் கோட்டைகளைத் தகர்ப்பவனாகச் சொல்லப்படுவதையும் இணைத்துப் படையெடுப்புக் கருத்தை முன்வைத்தார். 1964இல் ஜார்ஜ் டேல்ஸ் என்ற மற்றொரு தொல்லியலாளர் அந்த எலும்புக்கூடுகள் கிடைத்த மண்ணடுக்குகளை மறுபடியும் ஆராய்ந்து, அவை ஒரே காலத்தவை அல்ல என்றும், போர் நடந்திருந்தால் காவல் அரண் இருந்த மேட்டுப்பகுதியில் கிடைத்திருக்க வேண்டிய உடல்கள் அங்கே இல்லை என்றும் காட்டினார். அதற்குப்பிறகு பல பத்தாண்டுகள் கழித்து ஆசிரியரான நான், மறுக்கப்பட்ட கருத்தை மற்ற ஐந்தோடு சரிசமமாக வைத்து மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு கருத்து ஏன் கைவிடப்பட்டது என்று இரண்டு வரியில் எழுதத் தெரிந்த மாணவர், அந்தக் கருத்தை வெறுமனே விட்டுவிட்டவரைவிட நன்றாக வரலாறு படித்தவர் என்பது என் உறுதியான எண்ணம்.

வினாவிலேயே இருக்கும் சொற்களைக் கேள்வி கேட்பதும் அப்போதுதான் பழக்கமாயிற்று. 'வீழ்ச்சி' என்று வினா சொல்கிறது, வீழ்ந்தது எது? ஏறத்தாழ பொ.ஆ.மு. (கி.மு.) 1900க்குப்பின் பெருநகரங்கள் ஒடுங்கின, முத்திரைகளும் எழுத்தும் சீரான எடைக்கற்களும் மறைந்தன. ஆனால் கிழக்கே இன்றைய ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசப் பகுதிகளில் சிறு சிறு குடியிருப்புகள் பெருகின. நகர வாழ்க்கை முடிந்தது, மக்கள் முடிந்துபோகவில்லை. இந்த வேறுபாட்டை முதல் பத்தியிலேயே சொல்லிவிடும் விடைக்கு அதற்குப்பின் வழி தானாகவே அமைந்துவிடுகிறது.

சில ஆண்டுகளாக, பணி ஓய்வுக்குப்பின், போட்டித் தேர்வுகளின் முதன்மைத் தேர்வை எழுதும் இளைஞர்களுக்கு வார இறுதியில் விடையெழுதும் பயிற்சி கொடுக்கிறேன். மத்தியத் தேர்வாணையத்தின் முதன்மைத் தேர்வில் 10 மதிப்பெண்ணுக்கு 150 சொற்கள், 15 மதிப்பெண்ணுக்கு 250 சொற்கள் என்ற அளவில் எழுத வேண்டியிருக்கும். இவர்களிடம் தகவலுக்குப் பஞ்சமே இல்லை. 1921இல் ஹரப்பாவில் அகழ்ந்த தயா ராம் சாஹ்னி, 1922இல் மொகஞ்சதாரோவில் அகழ்ந்த ஆர். டி. பானர்ஜி, 1924இல் இந்த நாகரிகத்தை உலகுக்குச் சொன்ன ஜான் மார்ஷலின் அறிவிப்பு என்று எல்லாம் நாவின் நுனியில் இருக்கும். ஆனால் நகர நிர்வாகத்தைப் பற்றி எழுதச் சொன்னால், செங்கற்கள் 1:2:4 என்ற விகிதத்தில் இருந்தன என்று ஒரு வாக்கியம், எடைக்கற்கள் கனசதுர வடிவில் இருந்தன என்று அடுத்த வாக்கியம், மொகஞ்சதாரோவின் பெருங்குளம் 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்டது என்று மூன்றாவது வாக்கியம், கடைசியில் ஆகவே சிந்துவெளி மக்கள் மிகச் சிறந்த நாகரிகம் உடையவர்கள் என்று முடித்துவிடுவார்கள். அந்த 'ஆகவே'க்கு முன்னால் இருக்கும் மூன்று வாக்கியங்களும் அதைத் தாங்கவில்லை.

இங்கேதான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். செங்கல் விகிதம் எதைக் காட்டுகிறது என்று கேட்பேன். ஒரே ஊரில் ஒரே விகிதம் இருந்தால் அது ஒரு கொத்தனாரின் பழக்கமாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் அதே விகிதம் இருக்கிறது. சிறு எடைகளில் 1, 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துக்கொண்டே போகும் அதே எடைமுறை குஜராத்தின் லோத்தலிலும் கிடைக்கிறது. இவ்வளவு தொலைவில் இருந்தவர்கள் ஒரே அளவை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அதைக் காத்துவந்த ஏதோ ஓர் ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். இதுவரை சான்று நம்மைக் கொண்டுவருகிறது. அது ஒரு பேரரசனின் ஆட்சியா என்று கேட்டால், ஐயத்துக்கு இடமில்லாத அரண்மனையோ அரசர் கல்லறையோ கிடைக்கவில்லை, எழுத்தும் இன்னும் படிக்கப்படவில்லை; ஆகையால் வணிகர் குழுவாகவோ நகர அவையாகவோகூட இருந்திருக்கலாம் என்ற இடத்தில் பேனா நிற்க வேண்டும். 'இருந்தது' என்பதற்கும் 'இருந்திருக்க வேண்டும்' என்பதற்கும் 'இருந்திருக்கலாம்' என்பதற்கும் உள்ள தூரத்தைத் தமிழ் வினைமுற்று இவ்வளவு துல்லியமாகக் காட்டித்தரும்போது, எல்லாவற்றையும் 'இருந்தது' என்றே எழுதுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

எதிர்ச்சான்றை மறைக்காமல் எழுதப் பழக்குவதற்குப் பாபிலோன் மன்னர் ஹம்முராபியின் சட்டத் தொகுப்பைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. கண்ணுக்குக் கண் என்ற சட்டத்தை மேற்கோள் காட்டி, பாபிலோனில் எல்லோருக்கும் ஒரே நீதி இருந்தது என்று பலரும் எழுதுவார்கள். 282 சட்டங்கள் கொண்டதாக எண்ணிடப்பட்டுள்ள அந்தத் தொகுப்பில் 196ஆம் சட்டத்தோடு நிறுத்திக்கொள்வதால் வரும் பிழை இது. மேல்நிலையில் உள்ள ஒருவனின் கண்ணைக் கெடுத்தால்தான் கண்ணுக்குக் கண். 198ஆம் சட்டப்படி அதற்குக் கீழான நிலையில் உள்ளவனின் கண்ணைக் கெடுத்தால் ஒரு மினா (அக்கால எடை அளவு) வெள்ளி அபராதம். 199ஆம் சட்டப்படி அடிமையின் கண் என்றால் அவன் விலையில் பாதி. இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துவிட்டால் நீதி எழுதிவைக்கப்பட்டதும் உண்மை, அது படிநிலைக்கு ஏற்ப மாறியதும் உண்மை என்று விடை தானே இரண்டு கால்களில் நிற்கும்.

பிரமிடுகளை அடிமைகள் கட்டினார்கள் என்று எழுதுவோரிடம் மேரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பைப் பற்றிச் சொல்வேன். செங்கடல் கரையில் 2013இல் கண்டெடுக்கப்பட்ட அந்தப் பாப்பிரஸ் சுருள்கள், கூஃபு மன்னரின் பிரமிடுக்காக ஒரு பணிக்குழு துராவிலிருந்து கீசாவுக்குச் சுண்ணாம்புக் கற்களைப் படகில் கொண்டுபோனதை நாள்வாரியாகப் பதிவு செய்திருக்கின்றன. அடிமைகள் என்ற ஒரே சொல்லில் முடித்துவிட முடியாத, முறையாக அமைந்த ஒரு பணிக்குழுவை அவை காட்டுகின்றன.

எங்கள் வகுப்பில் கீழடியைப் பற்றிய பேச்சு வராமல் இருக்காது. சிந்துவெளியும் கீழடியும் ஒன்றே என்று எழுதிவிட வேண்டும் என்ற ஆர்வம் மாணவர்களுக்கு இருப்பது எனக்குப் புரிகிறது. அந்த ஆர்வம் எனக்கும் உண்டு. மாநிலத் தொல்லியல் துறையின் 2019ஆம் ஆண்டு அறிக்கை கீழடியின் பண்பாட்டுக் காலத்தைப் பொ.ஆ.மு. ஆறாம் நூற்றாண்டுவரை கொண்டுசென்றது, பானையோட்டுக் கீறல்களைச் சிந்துவெளிக் குறியீடுகளோடு ஒப்பிட்டும் காட்டியது. ஆயினும் சிந்துவெளி நகரங்கள் ஒடுங்கியதற்கும் அதற்கும் இடையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியையும் அதே பத்தியில் எழுதுங்கள், உங்கள் கருத்தை அது பலவீனப்படுத்தாது, படிப்பவர் உங்களை நம்புவார் என்று சொல்கிறேன்.

சென்ற குழுவில் ஓர் இளைஞர் எழுதிய விடை என் மேசையில் இன்னும் இருக்கிறது. அதே பழைய வினாதான். வீழ்ந்தவை நகரங்களா, அவற்றில் வாழ்ந்த மக்களா என்று முதல் வரியில் பிரித்துக்கொண்டு, வெள்ளத்தை மொகஞ்சதாரோவோடும் மழைக்குறைவைக் கக்கர்-ஹக்ரா பகுதியோடும் பொருத்தி, படையெடுப்பை ஏன் ஏற்கவில்லை என்று ஒரே வாக்கியத்தில் காரணத்தோடு சொல்லியிருந்தார். ஓரத்தில் 'வணிகம் என்ன ஆயிற்று?' என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவர் இரண்டு வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார்: மெசொப்பொத்தேமியாவின் அக்காட் நகர மன்னன் சார்கோன் தன் துறைமுகத்தில் மெலுஹா என்ற நாட்டின் கப்பல்கள் நின்றதாகப் பெருமைப்பட்டுக்கொள்கிறான், பொ.ஆ.மு. 2000 அளவில் அங்கே இருந்த உர் நகர அரசு வீழ்ந்தபின் மெலுஹாவோடு நடந்த நேரடி வணிகத்தைப் பற்றிய குறிப்புகள் அருகிப்போகின்றன. அதன்கீழே பென்சிலால், மெலுஹா சிந்துவெளிதான் என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுவதை எந்த இடத்தில் சேர்ப்பது சார் என்று கேட்டிருந்தார். சார்கோனின் பெயருக்கு முன்னால் ஓர் அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன்.