ஈலிப் பேராலயத்தின் எண்கோணத்தின் கீழ்

கடந்த மே மாதத்துச் சனிக்கிழமையொன்றில், இலண்டனில் வாழும் பழைய மாணவர் பதினொருவர் கிங்ஸ் குரொஸ் நிலையத்தில் ஈலி நகருக்குப் புகையிரதம் ஏறினோம். கேம்பிரிட்ஜைத் தாண்டியதும், 17ஆம் நூற்றாண்டில் நீரை வடித்து வயலாக்கிய சதுப்பு நிலம் மேடு பள்ளமின்றி விரிந்தது. ஆனையிறவைக் கடக்கும் யாழ்தேவிப் புகையிரதத்தின் யன்னலோரத்தில் இருப்பதாகவே எனக்குத் தோன்றிற்று. அவ்வெளியின் நடுவே பேராலயம் எழுந்து வந்தபோது, அதற்குச் 'சதுப்பு நிலத்துக் கப்பல்' என்னும் பெயர் வந்த காரணத்தை ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

673இல் எதெல்திரீடா அரசி மடம் நிறுவிய இடத்தில், இன்றுள்ள கட்டடம் 1083இல் தொடங்கப்பட்டது. 1322 பெப்ரவரியில் நடுக் கோபுரம் இடிந்து விழுந்தது. பணிக்குப் பொறுப்பாயிருந்த துறவியான வோல்சிங்கம் ஊர் ஆலன், விழுந்ததை விழுந்தபடியே திருப்பிக் கட்டாமல், நான்கு பெருந்தூண்கள் நின்ற இடத்தை வெறுமையாக்கி, சதுரத்தின் மூலைகளைக் களைந்து, எட்டுத் தூண்கள் சூழ்ந்த அகன்ற வெளியொன்றை அமைத்தார். அதன்மேல் வில்லியம் ஹேர்லி என்னும் தச்சர் எழுப்பிய, உள்ளே ஒளி இறங்கும் விளக்குக் கோபுரத்தை, ஏறத்தாழ 63 அடி நீளமான எட்டு ஓக் மரங்கள் தாங்குகின்றன. கல்லென்று நான் நம்பிய மேல்விதானமும் வண்ணம் தீட்டிய மரமே.

பக்கத்திலுள்ள மரியன்னை சிற்றாலயத்தில், சமயச் சீர்திருத்தக் காலத்தில் தலை கொய்யப்பட்ட சிறு சிலைகள் சுவரெங்கும் அப்படியே நிற்கின்றன. உடைந்த ஆலயங்களைக் கண்டு வளர்ந்த எங்களால் அங்கே நெடுநேரம் பேச முடியவில்லை.

பின்னர் எழுவர் வழிகாட்டியுடன் விளக்குக் கோபுரத்துக்கு ஏறினோம். தேவதூதர் உருவம் தீட்டிய கதவொன்றை அவர் திறந்துவிட, கீழே ஊன்றுகோலுடன் அமர்ந்திருந்த எங்கள் வகுப்புத் தோழர் சிறு புள்ளியாகத் தெரிந்தார். நாங்கள் இறங்கி வந்தபோது, பயணச்சீட்டின் பின்புறத்தில் அவர் ஒரு சதுரம் கீறி, அதன் நான்கு மூலைகளையும் வெட்டியிருந்தார். எட்டாம் வகுப்பில் எங்கள் கேத்திரகணித ஆசிரியர், கவராயமும் அடிமட்டமும் கொண்டு கரும்பலகையில் எண்கோணம் கீறக் காட்டித் தந்த முறை அது. அச்சீட்டை வாங்கி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இப்போதும் என்னிடம் இருக்கிறது.