விரலை எடுக்காமல் நின்றவர்

அறுவை சிகிச்சை முடிந்து எங்கள் பூனையை இன்று மேசையில் கிடத்தியிருந்தார்கள். கண்கள் திறந்தே இருந்தன. மயக்கத்தில் பூனைக்குக் கண் மூடாதாம், விழி காயாமல் இருக்கக் களிம்பு தடவியிருந்தார்கள்.

உதவியாளர் போர்வைக்குள் கைவிட்டு, பின்தொடையின் உள்பக்கம் விரல் வைத்து நாடி பார்த்தபடியே நின்றார். பக்கத்தில் மானிட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் அவர் விரலை எடுக்கவில்லை.

அவர்மேல் அவ்வளவு மரியாதை வந்தது எனக்கு.

பிரிட்டனில் 2008இல் வெளியான பெரிய ஆய்வில், மயக்க மருந்து தொடர்பான இறப்பு பூனைகளில் 0.24 சதவீதம், நாய்களில் 0.17. குறைவுதான். ஆனால் அறுவை முடிந்தபின் நேர்ந்த இறப்புகளில் ஏறக்குறைய பாதி, முதல் 3 மணி நேரத்துக்குள்.

நாம் "நல்லபடியா முடிஞ்சுது" என்று மூச்சுவிடுகிற அதே நேரம்!

அதனால் முன்கூட்டியே கேளுங்கள்: முழுசாக விழிக்கும்வரை பக்கத்தில் யார் இருப்பார்கள், உடம்புச் சூடு இறங்காமல் எப்படிப் பார்ப்பார்கள் என்று. நல்ல மருத்துவர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம், முயல் வளர்ப்பவர்களுக்கு: அறுவைக்கு முன் நாய், பூனை மாதிரி முயலை நீண்ட நேரம் பட்டினி போடாதீர்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தீனி எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.