தெளிக்கத்தான் தெரிந்திருந்தது

கீரைக் கடையில் 11 வருஷம் உட்கார்ந்தவன் நான். பல்லடம் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் விளையும் கீரையை அம்மாவும் நானும் திருப்பூர் உழவர் சந்தையில் விற்றுக்கொண்டிருந்தோம். காங்கயம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளை வீட்டில் ஆமைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, கீரை போடுவதுதானே, இதில் என்ன இருக்கிறது என்றுதான் போனேன்.

அதுவரை நான் பார்த்த ஆமை கிணற்றுக்குள் கிடப்பது மட்டும். இங்கே இருந்த ஐந்தும் சல்கேட்டா என்ற வகை. சஹாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்து ஆமை, தண்ணீரில் வாழ்வதில்லை. முழுதாக வளர்ந்த ஆண் 50 கிலோகூட வருமாம். முதலாளி முதல் நாளே பதிவுக் காகிதங்களை எடுத்துக் காட்டினார். இந்த மாதிரி வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிப்படி அரசிடம் பதிய வேண்டும். "நம்மூரு நட்சத்திர ஆமைய எவனாச்சும் கொண்டாந்து குடுத்தா வாங்கிப் போடாத தம்பி. ரெண்டு பேரும் உள்ள போயிருவோம்" என்றார். அது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட ஆமை.

வாரம் இரண்டு தடவை கீரை வரும். அடுத்த லோடு வரும்வரை அதை வாடாமல் வைத்திருப்பது என் பொறுப்பு. எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். எல்லாவற்றையும் அலசி, மேலே இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பாலிதீன் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, ஃபிரிட்ஜில் அடுக்கினேன். சந்தையில் அரை மணிக்கு ஒரு தரம் தெளித்துத் தெளித்துப் பழகிய கை அல்லவா.

மூன்றாம் நாள் கவரை அவிழ்த்ததும் ஒரு வாடை அடித்தது. வாழை நார் கட்டியிருந்த இடத்தில் தண்டெல்லாம் கருத்து, தொட்டால் கொழகொழவென்று விரலில் ஒட்டியது. வெளிப்பக்கம் பச்சையாகத்தான் இருந்தது. அதை மட்டும் பிரித்து எடுத்துப் போட்டேன். மறுநாள் இரண்டு ஆமைகளுக்கு வயிறு போனது. அந்தக் கீரைதான் காரணமென்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் எனக்குச் சந்தேகம் வேறு எதன் மேலும் இல்லை. பார்க்க வந்த கால்நடை டாக்டர் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, "நீங்க கீரைய வெக்கலீங்க, ஊற வெச்சிருக்கீங்க" என்றார்.

அன்றைக்குத்தான் என் தொழிலே எனக்குப் புரிந்தது. பறித்த பிறகும் கீரை மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உள்ளே இருக்கும் நீர் வெளியேறும், இலை துவளும். மேலே தெளித்தால் அந்த நேரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். சந்தையில் எனக்கு அது போதும், காலை 10 மணிக்குள் விற்றுத் தீர்ந்துவிடும். வாங்கிப் போனவர் வீட்டில் ராத்திரி அந்த ஈரம் கட்டுக்குள் நின்று என்ன செய்யும் என்பது என் கணக்கிலேயே வந்ததில்லை. நான் கற்றிருந்தது விற்கும் வரைக்குமான பாடம்.

அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றினேன். கீரை வந்ததும் முதல் வேலை நாரை அவிழ்ப்பது. வேர்மண்ணைத் தட்டி, பழுத்ததையும் நைந்ததையும் கிள்ளி எறிந்து, நிழலில் துண்டு விரித்துப் பரப்பிவிடுவேன். அலசுவதில்லை. மழை நாளில் நனைந்து வந்தால் ஃபேன் காற்றில் உலர்த்துவேன். பிறகு பனியன் வேஸ்ட்டில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் தளர்வாக வைப்பேன். திருப்பூர்க்காரனுக்குப் பனியன் வேஸ்ட்டுக்கா பஞ்சம்? பருத்தித் துணி அதிக ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், இலையைக் காயவும் விடாது. ஒருநாள் வெள்ளை தீர்ந்துவிட்டதென்று சிவப்பு வேஸ்ட்டில் சுற்றி வைத்தேன். காலையில் பார்த்தால் கீரைத் தண்டெல்லாம் ரோஸ் கலர். அத்தனையும் எருக்குழிக்குப் போனது. சாயம் போகுமா போகாதா என்று துணி வாங்கும்போது பார்க்கிற ஊர்க்காரன் நான், அன்றைக்கு மட்டும் மறந்துவிட்டேன்.

ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்தால் இலை உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். தக்காளியும் வாழைப்பழமும் பக்கத்தில் இருந்தால் அவை விடும் எத்திலீன் வாயுவில் சீக்கிரம் மஞ்சளாகும். முருங்கைத் தழை மறுநாளே உதிரும், அதைச் சேர்த்து வைப்பதே வீண். மல்பெரியைக் கிளையோடு ஒடித்து வாளித் தண்ணீரில் நிறுத்தினால் போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அரை மணி நேரம் வெளியில் வைத்து, போடுகிற சமயத்தில் அலசி, ஈரத்தோடு போடுவேன். இலையில் ஒட்டிய தண்ணீரும் அவற்றுக்குக் குடிதண்ணீர்தான். தெளித்துப் பழகிய கைக்குக் கடைசியில் அங்கே ஒரு வேலை கிடைத்தது.

இத்தனையும் கைக்கு வந்து, டப்பாவைத் திறந்தால் நாலாம் நாளும் கீரை நறுக்கென்று ஒடிகிறது என்று பூரித்திருந்தபோது டாக்டர் இன்னொன்று சொன்னார். பாலக்கில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓடு கெட்டியாக வேண்டிய பிராணிக்கு அதைத் தினமும் போடக் கூடாது. அரைக்கீரை, சிறுகீரையும் அந்த வழிதான். எதையெல்லாம் நான் பொத்திப் பொத்தி வைத்தேனோ, அதெல்லாம் எப்போதாவது போட வேண்டியவை. இந்த ஆமைக்கு முக்கியச் சாப்பாடு புல். நார் நிறைய, புரதம் குறைவாக.

புல்லுக்கு எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, கட்டுத்தரையில் வேலை செய்யும் ஆத்தா பக்கத்துக் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்திலிருந்து ஒரு கத்தை கொழுக்கட்டைப் புல்லை அறுத்துக்கொண்டு வந்து போட்டது. "காங்கயம் மாடு திங்கறத இது திங்காதா கண்ணு?" பெரிய ஆமை தலையை நீட்டி, ஒரு கால் வைத்து அழுத்திக்கொண்டு, கரக் கரக்கென்று இழுத்து இழுத்துத் தின்றது. பின்னால்தான் டாக்டர் சொன்னார், அந்தப் புல்லுக்கு ஆப்பிரிக்காவும் சொந்த ஊராம். கிளுவை வேலிக்குள் வெள்வேல் மரத்தடியில் மழைக்கு முளைத்து, நின்றபடியே காய்ந்தும் கிடக்கும். ஃபிரிட்ஜே வேண்டாம். இன்னொரு நாள் யாரோ அன்போடு கொண்டுவந்த மரவள்ளித் தழையை வாசலிலேயே தடுத்ததும் ஆத்தாதான். அதைத் தின்று செத்த ஆட்டைப் பார்த்தவர்களுக்கு வேறு பாடம் தேவையில்லை.

இப்போது கீரைக்கு ஒரு டப்பாதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மாவுக்குத் துணையாகச் சந்தைக்குப் போகிறேன். போன வாரம் ஒரு அக்கா, "ரெண்டு நாளைக்கு நிக்குமா தம்பி?" என்று கேட்டார். "போனதும் கட்ட அவுத்துருங்க. ஈரத்தத் தொடச்சு, துணீல சுத்தி வெச்சா நாலு நாளே நிக்குங்க" என்றேன். அந்த அக்கா போகும்வரை அம்மா பேசவில்லை. அப்புறம் சொம்பை எடுத்துக் கீரை மேல் தண்ணீரை வீசிக்கொண்டே சொன்னது:

"நாலு நாள் நின்னா அவ நாளன்னிக்கு எதுக்குச் சாமி சந்தைக்கு வர்றா?"