பதினாறேகால் அங்குலப் பெட்டி

உடற்கல்வி டிகிரி மூன்றாம் வருடத்தில் ‘உடல்நல மேம்பாடும் உடற்தகுதியும்’ என்று ஒரு பேப்பர். அதற்கு ப்ராஜெக்ட் உண்டு. கூடப் படித்தவர்கள் கோவையிலேயே ஆளுக்கொரு ஜிம்மைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கோத்தகிரி பஸ் ஏறினேன். அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிற எஸ்டேட். ஆள் தேடி அலைய வேண்டாம், சோறும் வீட்டில். அவ்வளவுதான் என் கணக்கு.

முதல் ஞாயிறே சொதப்பல். லைன் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசையின் வாசலில் பன்னிரண்டு பெண்களை உட்காரவைத்து, வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்கணும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை ஒப்பித்தேன். பக்கத்து வீட்டு அத்தை கேட்டார்: “ஏன் பாப்பா, எட்டாம் நம்பர் தேயிலைக் காட்டுக்கு ஏறி இறங்குறது எதுல சேரும்?” திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் அவருக்கு அந்த 150 முடிந்துவிடும்.

அடுத்தது ஒப்புதல் படிவம். காலேஜில் கொடுத்தது இங்கிலீஷில் இருந்தது. கையெழுத்து என்றதும் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். கடன் பத்திரமா, வேலையை விட்டு நிற்கச் சொல்கிற பேப்பரா என்று சந்தேகம். ராத்திரி உட்கார்ந்து தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி, வீடு வீடாகப் படித்துக் காட்டினேன். இதற்கே இரண்டு வாரம் போனது. ப்ராஜெக்டில் ஒழுங்காகச் செய்தது இதை மட்டும்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ப்ராஜெக்டில் படியேறும் சோதனை உண்டு: ஏறி இறங்கியதும் நாடி எவ்வளவு குறைவோ, அவ்வளவு நல்ல உடற்தகுதி. அதற்கு 16.25 அங்குல உயரப் படி வேண்டும். லைனில் எந்தப் படியும் அந்த அளவில் இல்லை. கடைவீதி ஆசாரி சில்வர் ஓக் பலகையில் பெட்டி அடித்துக் கொடுத்தார். “அதென்னம்மா கால் அங்குலம்?” என்று சிரித்தார். பெண்களுக்கு நிமிடத்துக்கு 22 தடவை ஏறி இறங்கணும், மூன்று நிமிடம். ஒரு தடவைக்கு நாலு அடி என்பதால் போனில் நிமிடத்துக்கு 88 தட்டு தாளம் ஓடும். முடித்த ஐந்தாவது நொடியிலிருந்து பதினைந்து நொடிக்கு நாடி எண்ணி, நான்கால் பெருக்கணும். முட்டிவலி, பிரஷர் உள்ள மூன்று பேரை ஏற விடவில்லை. எனக்கு நாடி 164. 46 வயது அத்தைக்கு 132. வெற்றிலையை வாயிலிருந்து எடுக்காமலே ஏறினார்.

அப்புறம்தான் எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தோன்றியது. தோள், கழுத்து, கட்டைவிரல் அடி. நாள் முழுக்க கொழுந்து வெட்டுகிற கத்தரி பிடிக்கிற கை. நடைப்பயிற்சித் திட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கொழுந்து எடை போட வரிசையில் நிற்கிற நேரத்தில் தோளையும் மணிக்கட்டையும் நீட்டி மடக்க ஐந்து நிமிடப் பயிற்சி வைத்தேன். முதல் வாரம் பன்னிரண்டு பேர், நாலாவது வாரம் ஐந்து பேர். மழை நாளில் ஒருத்தரும் இல்லை. அப்படியே ரெக்கார்டில் எழுதினேன்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த மேடம் முதல் கேள்வியிலேயே பிடித்துவிட்டார். நாடித்துடிப்பை வைத்து, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனைக் கணக்கிட நான் போட்டிருந்த சூத்திரம் காலேஜ் வயதுப் பெண்களை வைத்துப் போட்டது. 46 வயதுக்காரருக்கு ஆக்சிஜன் திறன் 41.4 என்று எப்படி எழுதினாய்? பதில் இல்லை. அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டு, நாடித்துடிப்பை மட்டும் வைத்துத் திரும்ப பைண்டிங் போட்டேன். மூன்றாவது தடவைதான் கையெழுத்து கிடைத்தது.

பெட்டி இப்போது அத்தை வீட்டில். தண்ணிக்குடம் வைக்க உயரம் சரியாக இருக்கிறதாம்.